பாத்திரம் வனைவோர்க்கு

நமக்கு வரும் கடிதங்களுட் பெரும்பாலானவை ஒரே தன்மையன. பாடத்தில் ஐயம், பரீட்சையைப் பற்றிய அச்சம், மேற்படிப்பை எத்துறையிற் கொள்வது என்னும் தடுமாற்றம் ஆகிய இவையே அவற்றின் பொருள். சென்ற கிழமை வந்த கடிதம் ஒன்றோ இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. எழுதியவன் உயர்தர வகுப்பு மாணவன். நண்பர் நால்வரோடு மேசையைச் சுற்றி அமர்ந்து, ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் கற்பனை ஆட்டத்தை ஆடத் தொடங்கியிருக்கின்றான். அவ்வாட்டத்திற்கு வலிமை மிக்க பாத்திரம் ஒன்றை அமைப்பது எங்ஙனம் என்பது அவன் வினா. “வகுப்பிலே நான் என்றும் நடுவில் நிற்பவன். இவ்வாட்டத்திலாவது ஒருவருக்கும் தோற்காதவனாக இருக்க விரும்புகின்றேன்” என்று கடிதத்தை முடித்திருக்கின்றான்.

விளையாட்டைப் பற்றிய கடிதத்திற்கு இப்பகுதியில் இடமளிப்பதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அந்த இறுதி வாக்கியத்தைப் படித்த பின்னர் இதனை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. அன்றியும், இவ்வினாவிற்கு விடை கூறும் தகுதி நமக்குச் சிறிது உண்டு. வலிமை மிக்க பாத்திரம் ஒன்றை நாமே வனைந்து, அதனாலேயே ஒரு குழு முழுவதையும் தோற்கச் செய்த அநுபவம் நம்முடையது. அதனைப் பின்னர்க் கூறுவாம். முதலில், இவ்வாட்டத்தை அறியாத பெற்றோர்க்காகச் சில சொற்கள்.

இதிலே ஒருவர் கதையை நடத்துவார். குகை எங்கே இருக்கின்றது, அதனுள்ளே யார் ஒளிந்திருக்கின்றார், மழை பெய்கின்றதா என்பனவற்றையெல்லாம் அவரே கூறுவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, “நான் கதவைத் திறக்கின்றேன்”, “நான் காவலனோடு பேசிப் பார்க்கின்றேன்” என்று தத்தம் செயலைச் சொல்லுவர். அச்செயல் கைகூடுமோ என்பது ஐயமானால், 20 முகங்கள் கொண்ட பகடை ஒன்றை உருட்டுவர். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணையுங் கூட்டி, குறித்த அளவை எட்டினாற் செயல் நிறைவேறியதாகக் கொள்வர். பகடை என்றவுடனே சூது என்று அஞ்ச வேண்டா. இதிலே பணயம் இல்லை. ஆட்டக்காரர் ஒருவரை ஒருவர் வெல்வதும் இல்லை. குழு முழுவதும் ஒருங்கே வெல்லும். அன்றேல் ஒருங்கே தோற்கும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். நாம் மறந்தது இதனையே.

ஆட்டம் பிறந்தது அமெரிக்காவில். பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர்புரியும் விளையாட்டில் அந்நாட்டினர் பலர் ஈடுபட்டிருந்தனர். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் என்பவர், அத்தகைய போருக்கு 1971இல் ‘செயின்மெயில்’ என்னும் விதிநூலை வேறொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். மினசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னெசன் என்பவர், ஒருவர் ஒரு படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரே மனிதனாக நின்று ஆடும் முறையைத் தம் நண்பர்களிடையே வளர்த்து வந்தார். இவ்விருவரும் இணைந்து ஆக்கிய ஆட்டம் 1974இல், ஒரு பெட்டியுள் அடங்கிய மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. முதலில் அச்சிடப்பட்டவை 1000 பிரதிகளே.

அந்நாளிற் பாத்திரத்தை ஒருவரும் ‘வனைவதில்லை’. விதி அளித்ததை ஏற்றுக்கொள்வர். சாதாரண ஆறுமுகப் பகடைகள் மூன்றை ஆறு தடவை உருட்ட வேண்டும். விழும் கூட்டுத்தொகைகளே, வரிசை மாறாமல், பாத்திரத்தின் ஆறு இயல்புகளுக்கும் உரிய எண்கள். சராசரி 10.5. மூன்றிலும் 6 விழுந்து 18 கிடைப்பதற்கு வாய்ப்பு 216இல் ஒன்று. போர்வீரனாக விரும்பியவனுக்கு உடல்வலிமை 7 வாய்த்தால், அவன் வேறு தொழிலைத் தேட வேண்டியதுதான். 1979இல் வந்த நூலொன்றில், நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததைத் தள்ளிவிடும் முறை இடம்பெற்றது; சராசரி ஏறத்தாழ 12.2 ஆயிற்று. 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, கைவசமுள்ள புள்ளிகளைக் கொண்டு இயல்புகளை விலைக்கு வாங்கும் முறைக்கும் இடங்கொடுத்தது. விதியின் கையிலிருந்த மட்பாண்டம் இவ்வாறு சிறிது சிறிதாக ஆட்டக்காரன் கைக்கு வந்தது. வலிய பாத்திரத்தைத் திட்டமிட்டு அமைக்கும் ஆசையும் அதனோடு வளர்ந்தது.

நாம் ஆடியது 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கொண்டு. அதிலே உடல்வலிமை, கைவிரைவு, தாங்குதிறன், கல்வியறிவு, விவேகம், பிறரைக் கவரும் ஆளுமை என இயல்புகள் ஆறு. எண் 10 என்றால் நடுத்தரம். அதற்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அதற்குமேல் ஒவ்வோர் இரண்டிற்கும் ஒன்று கூடும், கீழே குறையும். ஆகவே 16 உடையவன் பகடை எண்ணோடு 3ஐக் கூட்டுவான். 8 உடையவன் 1ஐக் கழிப்பான்.

புள்ளி முறையிலே ஆட்டக்காரனுக்கு 27 புள்ளிகள் வழங்கப்படும். எல்லா இயல்புகளும் 8இல் தொடங்கும். 13 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு புள்ளி விலை. 14க்கும் 15க்கும் மேலும் இவ்விரண்டு புள்ளிகள் கொடுக்க வேண்டும். ஆகவே 13இன் விலை 5. 14இன் விலை 7. 15இன் விலை 9. அதற்குமேல் வாங்க இயலாது. இவ்வேற்பாட்டைக் கண்டவுடனே நமக்குள் உறங்கிய கணித ஆசிரியன் விழித்துக்கொண்டான்.

நடந்ததை இனிக் கூறுவாம். நம் தமக்கையாரின் மகன் பல்கலைக்கழகத்திற் பயில்பவன். விடுமுறைக்கு வந்தபோது இவ்வாட்ட நூலையும் உடன் கொணர்ந்தான். கதையை நடத்துபவன் அவனே. ஒன்பதாம் தரத்திற் படிக்கும் அவன் தங்கை, அயல்வீட்டுப் பையன், அவனோடு பயிலும் நண்பன் என மூவர் இருந்தனர். நான்காமவர் ஒருவர் வேண்டுமென்று நம்மை அழைத்தான். மருமகள் அருளாளர் பாத்திரத்தை எடுத்திருந்தாள். தெய்வத்தின் அருளால் நோய் தீர்ப்பதும் ஆசி வழங்குவதும் அருளாளர் தொழில். அயல்வீட்டுப் பையன் கள்வன், நண்பன் மந்திரவாதி. நமக்கு எஞ்சியது போர்வீரன்.

மூன்று இரவுகள் நூலைப் புரட்டினோம். உடல்வலிமை 15, கைவிரைவு 15, தாங்குதிறன் 15 என்று மும்மூன்றாக 27 புள்ளிகளையும் செலவிட்டோம். எஞ்சிய மூன்று இயல்புகளும் 8இலேயே கிடந்தன. மனித இனத்திற்கென அமைந்த சிறப்பு விதியொன்றாற் கிடைத்த இரண்டு மேலதிக எண்களை உடல்வலிமைக்கும் தாங்குதிறனுக்கும் இட்டு, அவற்றை 16 ஆக்கினோம். அதே விதி ஒரு சிறப்புப் பயிற்சியையும் தந்தது. பெருவாளை வீசும்போது குறியில் 5ஐக் குறைத்துக்கொண்டால், அடி பட்டவிடத்து 10 மிகுதியாக வெட்டும் பயிற்சியைத் தெரிந்தெடுத்தோம். (2024இல் வந்த திருத்திய விதிகளில் இந்தப் பேரம் இல்லை, பயிற்சியின் தன்மையை மாற்றிவிட்டனர்.)

பயிற்சியின் பயனைக் கணித்துப் பார்த்தோம். ஓர்க் என்னும் முரட்டுப் பகைவனைக் கொள்வோம். அவனை அடிக்க 13 வேண்டும். அவன் உயிர்ப்புள்ளி 15. நம் வீரனுக்குக் கூட்டல் 5. சாதாரண வீச்சில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தாற் போதும். அஃதாவது நூற்றுக்கு 65. வெட்டின் சராசரி 10. ஆகவே ஒரு வீச்சின் மதிப்பு 6.5. பயிற்சியைக் கையாண்டாலோ நூற்றுக்கு 40 தடவையே படும். ஆனால் வெட்டு 20. மதிப்பு 8. (20 விழும்போது வரும் மிகுதியை எளிமை நோக்கி விட்டுவிட்டோம்.) மேலும், அத்தகைய வெட்டின் மிகக் குறைந்த அளவே 15. பட்டவிடத்து ஓர்க் எழுந்திரான். கனத்த கவசமணிந்து, அடிப்பதற்கு 18 வேண்டிய பகைவனிடத்து இது தலைகீழாகும். சாதாரண வீச்சு 4, பயிற்சி வீச்சு 3. அதனையும் நாம் அறிந்தே இருந்தோம். கணக்கிலே தவறில்லை. இப்படியொரு வீரனை இம்மேசை கண்டிராது என்று மகிழ்ந்தோம்.

முதற் சனிக்கிழமை மாலை நம் மகிழ்ச்சி வீண்போகவில்லை. சண்டையில் யார் முந்துவது என்பதைக் கைவிரைவு தீர்மானிக்கும். நமக்கு 15 ஆதலின் பெரும்பாலும் நாமே முந்தினோம். ஒருவனை வீழ்த்தினால் உடனே மற்றொருவனை வெட்டும் உரிமையையும் அப்பயிற்சி தந்தது. பகடையும் நம் பக்கம் நின்றது. ஓர்க்குகள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். இடையிலே மருமகள், “மாமா, நான் ஆசி மந்திரத்தைச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். தொடக்க நிலையில் அருளாளர்க்கு அத்தகைய மந்திரங்களை ஒரு நாளில் இருமுறையே கூற இயலும். “அதை வீணாக்காதே பிள்ளை. எனக்குக் காயம் பட்டால் ஆற்றுவதற்கு வைத்திரு” என்றோம். அவள் தலையாட்டினாள். நமக்குக் காயமே படவில்லை.

இரண்டாம் சனிக்கிழமையும் அவ்வாறே கழிந்தது. மந்திரவாதி ஒரு தடவை நெருப்பை ஏவினான். கள்வன் ஒரு பூட்டைத் திறந்தான். மருமகளின் முறை வந்தபோதெல்லாம் வீழ்த்துவதற்குப் பகைவன் இல்லை. ஆற்றுவதற்குக் காயமும் இல்லை. அவள் அந்த 20 முகப் பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அது நம் கண்ணிற் பட்டது, கருத்திற் படவில்லை. மாணவர் முப்பத்தைந்து பேரை நாள்தோறும் பார்த்துக்கொண்டு நிற்பவர் நாம். பின்வாங்கிலே வாளாவிருக்கும் பிள்ளையை இனங்காண்பது நமது தொழில். ஆயினும் அன்று நம் கண்ணை நம் எண்களே மறைத்துவிட்டன.

மூன்றாம் சனிக்கிழமை மருமகள் வரவில்லை. மேலதிக வகுப்பு உண்டென்று சொல்லியனுப்பினாள். நாமும் நம்பினோம்.

அன்றைக்குக் குகையின் இறுதி மண்டபத்தை அடைந்தோம். அங்கே பகைவரிடையே மந்திரவாதி ஒருவன் நின்றான். வாளை ஓங்கிக்கொண்டு நாம் முன்னே பாய்ந்தோம். அவன் நம்மைத் தாக்கவில்லை. மனிதரை அசையாது நிறுத்தும் மந்திரம் ஒன்றைச் சொன்னான். அதனை எதிர்த்து நிற்பது உடல்வலிமையால் அன்று, தாங்குதிறனால் அன்று, விவேகத்தால். நமது விவேகம் 8. அவன் மந்திரத்தை வெல்ல 13 வேண்டும். நமக்குக் கழித்தல் 1 ஆதலின், பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழுதல் வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 35. முதலிலும் தவறினோம், நம் முறையின் இறுதியிற் கிடைத்த மறுவாய்ப்பிலும் தவறினோம், அதற்கடுத்ததிலும் தவறினோம். மூன்றும் தொடர்ந்து தவறுவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 27 வாய்ப்பு உண்டு. அது வியப்பன்று.

பெருவாள் ஓங்கிய கையோடு நம் வீரன் கற்சிலையாய் நின்றான். அவனை நம்பியே வகுத்த திட்டம் அனைத்தும் அவனோடு நின்றது. கள்வனின் சிறப்பு வெட்டுக்குப் பகைவனருகே தொழிற்படவல்ல தோழன் ஒருவன் நிற்றல் வேண்டும். சிலையாகி நின்ற நாம் அதற்கும் பயன்படவில்லை. மந்திரவாதி முதலில் வீழ்ந்தான். பின்னர் நாம். இறுதியிற் கள்வன். காயத்தை ஆற்றுவாரும் இல்லை. ஆசி கூறுவாரும் இல்லை. மருமகன் நூலை மெல்ல மூடிவைத்தான். ஒருவரும் பேசவில்லை. அயல்வீட்டுப் பையன் மட்டும், “அவள் வந்திருந்தால்...” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பாதியில் நின்ற அந்த வாக்கியத்தை முடித்துப் பார்க்க எண்ணி, அப்பியாசக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்திற் கணக்கிடலானோம். நாம் அற்பமென்று ஒதுக்கிய ஆசி மந்திரம் யாது செய்யும்? குழுவினருள் மூவர்வரை, அடிக்கும்போதும் பகைவரின் மாயத்தை எதிர்க்கும்போதும், நான்குமுகப் பகடை ஒன்றையும் உருட்டி அதனைக் கூட்டிக்கொள்ளலாம். சராசரி 2.5. இவ்வளவுதான். அதனாலேயே முதலில் அதனை ஒரு பொருட்டாக நாம் மதிக்கவில்லை.

இப்போது அந்த ஓர்க்கையே மீண்டும் எடுத்துக்கொண்டோம். நம் பயிற்சி வீச்சு நூற்றுக்கு 40 தடவை படும் என்றோம். ஆசியும் இருந்தால் 52.5 தடவை படும். ஒரு வீச்சின் மதிப்பு 8இலிருந்து 10.5 ஆகின்றது. அஃதாவது, மூன்று இரவு தேடி நாம் கண்டெடுத்த பயிற்சி நமக்குத் தந்த மிகுதி 1.5. அந்தப் பிள்ளை ஒரு சொல்லால் தந்திருக்கக்கூடிய மிகுதி 2.5. அதுவும் நமக்கு மட்டுமன்று. கள்வனுக்கும் மந்திரவாதிக்கும் சேர்த்து. நம்மைச் சிலையாக்கிய மாயத்தை எதிர்க்கும் வாய்ப்பும் 35இலிருந்து 47.5 ஆகியிருக்கும். கணக்கிலே தவறில்லை என்று முன்னர் கூறினோம். தவறு கூட்டலில் இல்லை. கூட்டவேண்டியவர்களை விட்டுவிட்டுக் கூட்டியதில் இருந்தது.

மறுநாட் காலை தமக்கையார் வீட்டுக்குச் சென்றோம். மருமகள் முற்றத்திலே கூட்டிக்கொண்டிருந்தாள். மேலதிக வகுப்பு எப்படி நடந்தது என்று கேட்டோம். அவள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, சற்றுத் தயங்கி, “வகுப்பு இருக்கவில்லை, மாமா. நான் வந்து என்ன செய்வது? என் முறை வருமுன்னே எல்லாவற்றையும் நீங்கள் முடித்துவிடுகிறீர்களே” என்றாள். குறை கூறும் குரலன்று. உள்ளதைக் கூறும் குரல். அதனாலேயே அது நம்மைத் தைத்தது. கொப்பியை விரித்து, இரவிட்ட கணக்கை அவளுக்குக் காட்டினோம். 1.5 என்பதன் கீழும் 2.5 என்பதன் கீழும் கோடிட்டிருந்தோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப நான் அன்றைக்கே கேட்டேனே” என்றாள். ஆம், கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. “பிழை எனது, பிள்ளை” என்றோம்.

அவ்விடத்திலேயே புதிய வீரன் ஒருவனை இருவருமாக வனைந்தோம். அப்போதுதான் பழைய வீரனின் மற்றொரு குறையும் புலப்பட்டது. 14க்கும் 15க்கும் கூட்டல் ஒன்றே; இரண்டிற்கும் 2. கைவிரைவை 15 ஆக்கச் செலவிட்ட கடைசி இரண்டு புள்ளிகளால் நாம் ஒரு பயனும் அடையவில்லை. அன்றியும், இரும்புச் சங்கிலிக் கவசம் அணிந்தவனுக்குக் கவச எண் 16 என்பது நிலையானது. கைவிரைவு அதனைக் கூட்டாது. நாம் அழகுக்காக வாங்கிய எண் அது.

புதியவனுக்கு உடல்வலிமையும் தாங்குதிறனும் முன்போலவே 15. அவற்றிற்கு 18 புள்ளிகள். எஞ்சிய 9இல், 7 கொடுத்து விவேகத்தை 14 ஆக்கினோம். 2 கொடுத்துக் கைவிரைவை 10 ஆக்கினோம். கல்வியறிவும் ஆளுமையும் 8இலே நின்றன. மனித இனத்தின் மேலதிக எண்கள் பழையபடி முதலிரண்டிற்கும் சென்றன. பெருவாளும் பயிற்சியும் அவனிடமே இருந்தன. வெட்டிலே ஓர் இம்மியும் குறையவில்லை. அந்த மாயத்தை எதிர்க்கும் வாய்ப்போ 35இலிருந்து 50 ஆயிற்று. அருளாளரின் ஆசியோடு 62.5. மற்றொரு நன்மையும் விளைந்தது. கைவிரைவிலே மருமகளின் பாத்திரத்திற்கு 12. நமக்கு இப்போது 10. ஆகவே அவள் பல வேளைகளில் நமக்கு முன்னே நிற்கின்றாள். ஆசி முதலில், வாள் பின்னர்.

விதிகளின் அமைப்பை ஊன்றி நோக்கினால் இவ்வுறவு இருபுறமும் செல்வதைக் காணலாம். ஆசி மந்திரம் நிலைக்க வேண்டுமானால் அருளாளரின் மனம் சிதறாதிருத்தல் வேண்டும். அவள்மீது அடிபட்டால், தாங்குதிறன் கொண்டு 10ஐ எட்ட வேண்டும். காயம் பெரிதாயின் அதன் பாதியை எட்ட வேண்டும். தவறினால் ஆசி கலைந்துவிடும். ஆகவே பகைவர் அவளை அணுகாதபடி ஒருவன் முன்னே நிற்றல் வேண்டும். அவன் நாம். அவளால் நம் வாள் குறி தவறாது. நம்மால் அவள் ஆசி கலையாது. கள்வனுக்கும் நாம் பகைவனருகே நிற்பதே பலம். ஆட்டத்தை ஆக்கியோர் வலிமையைத் துண்டு துண்டாக்கிப் பலர் கையிற் கொடுத்திருக்கின்றனர். ஒருவனே எல்லாவற்றையும் வைத்திருக்க முயன்றால், ஏனையோர் கையிலுள்ள துண்டுகள் பயனற்றுப் போகும்.

இதனைக் கேட்டு, வலிமையை நாடுவதே குற்றம் என்று எவரும் கொள்ளற்க. அதுவும் பிழையே. கதைச்சுவை வேண்டுமென்று உடல்வலிமை 8 உடைய போர்வீரனை அமைத்து, அடிக்கவும் இயலாது தடுக்கவும் இயலாது நிற்பவன், தன் சுமையைத் தோழர் தோளில் ஏற்றுகின்றான். 27 புள்ளிகளையும் ஒப்பாகப் பகிர்ந்தால் மூன்று இயல்புகள் 13ஆகவும் மூன்று 12ஆகவும் அமையும். ஆறிலும் கூட்டல் 1. குறையில்லாதவன், ஆயினும் “இதனை நான் பார்த்துக்கொள்வேன்” என்று எழுந்து சொல்லத்தக்க இடம் ஒன்றும் அவனுக்கு எளிதில் வாய்க்காது. தன் தொழிலிலே வல்லவனாயிருத்தல் தோழர்க்குச் செய்யும் மரியாதை.

ஆகவே, கடிதம் எழுதிய தம்பிக்கு நாம் கூறுவன இவை. முதலாவது, எண்களைத் தொடுமுன் உன் நண்பர் நால்வரிடமும் அவர்கள் யாராக ஆட விரும்புகின்றனர் என்று கேள். அவர்கள் செய்யாத வேலை ஒன்றை உனதாகக் கொள். இரண்டாவது, அந்த வேலைக்கு வேண்டிய இயல்பு ஒன்றை உயர்த்து. அதிலே கஞ்சத்தனம் வேண்டா. மூன்றாவது, தாங்குதிறனையும் விவேகத்தையும் 8இல் விடாதே. மிகப் பல மாயங்களும் நஞ்சுகளும் அவ்விரு வாயில்களாலேயே நுழைகின்றன. நான்காவது, ஒற்றை எண்ணிலே நிற்கும் இயல்புகளைக் கண்டால், அவை பயன் தருகின்றனவா என்று பார். ஐந்தாவது, ஏனைய இயல்புகளிலே ஒரு குறையை மனமறிந்தே வைத்துக்கொள். உன் வீரனுக்குப் பேசத் தெரியாவிட்டால், பேசத் தெரிந்த நண்பனுக்கு அன்றைக்கு ஒரு வேலை உண்டு.

நீ எழுதிய இறுதி வாக்கியத்திற்கும் விடை கூற வேண்டும். ஒருவருக்கும் தோற்காதவன் என்று ஒருவன் இவ்வாட்டத்தில் இல்லை. பகடையில் 1 விழும் நாள் எவனுக்கும் வரும். வகுப்பிலே நடுவில் நிற்பதாக எழுதினாய். அதன் துன்பம் ஆசிரியராகிய நமக்குத் தெரியாததன்று. நிரைப்படுத்திப் பார்க்கும் பரீட்சையிலே ஒருவனுக்கு முன்னால் மற்றொருவன் நின்றே ஆகவேண்டும். இந்த மேசையிலே அந்த நிரை இல்லை. அதனையும் நீயே கொண்டுவந்து வைத்துவிடாதே. உன் நண்பருள் எவனாவது தன் முறை வரும்போது பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு வாளாவிருக்கின்றானா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு தடவை பார். இருந்தால், உன் பாத்திரம் வேண்டிய அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று அறி.

ஐந்தாம் பதிப்பின் பாத்திரத் தாளிலே எண்களுக்கு அப்பால் நான்கு சிறு கட்டங்கள் உள்ளன. பாத்திரத்தின் குணம், இலட்சியம், பிணைப்பு, குறை என்பவற்றை எழுதுவதற்கு உரியவை அவை. நம் பழைய வீரனின் தாளில் அந்நான்கும் வெறுமையாகவே கிடந்தன. எண்களிலே மூழ்கிய நாம் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதிய வீரனின் தாளிலே ‘பிணைப்பு’ என்னும் கட்டத்தை மருமகள்தான் நிரப்பினாள். “ஒரு முறை தன் தோழியின் சொல்லைக் கேளாமல் தோற்றவன். இனிக் கேட்பான்” என்று எழுதினாள். வாசித்துவிட்டு நம் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அதை அழிக்கச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அவர்கள் அடுத்த சனிக்கிழமையும் கூடுகின்றார்கள். நம் மருமகள் முதலாவதாக வந்து அமர்கின்றாள்.